கோடை மழையில் ஏற்காடு: மே 1 விடுமுறைக்குப் போகலாமா, ரத்து செய்யலாமா?

குரோம்பேட்டைக்காரன் | ஏப்ரல் 28, இரவு 9:12

வணக்கம். மே 1 வெள்ளிக்கிழமை வருகிறது. சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள். பிப்ரவரியிலேயே ஏற்காட்டில் இரண்டு இரவுக்கு அறை போட்டுவிட்டேன். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்று அப்போதே சொல்லித்தான் பணம் வாங்கினார்கள், அதனால் சண்டை போடவும் வழியில்லை.

இப்போது பிரச்சினை மழை. சேலம் மாவட்டத்துக்கு மூன்று நாளும் மஞ்சள் எச்சரிக்கை. "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கனமழை" என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான், மனைவி, ஏழு வயது மகள், 71 வயது அப்பா. அப்பாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டு ஆகாது. வியாழன் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் முன்பே சேலம். அங்கிருந்து வாடகைக் கார்.

போகலாமா? போனால் மழையில் என்னதான் பார்ப்பது? அறைக்குள் உட்கார்ந்து டிவி பார்ப்பதற்கு எங்கள் வீட்டு டிவியே பெரியது.

நனைந்தகோழி | ஏப்ரல் 28, இரவு 9:40

போகாதீர்கள். என் பெயரே காரணம் சொல்லும்.

போன வருடம் இதே மே மாதம் ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மலையிலிருந்து இறங்கினோம். பாதி வழியில் மரம் விழுந்து சாலை அடைத்துவிட்டது. முன்னால் நாற்பது வண்டி, பின்னால் எண்ண முடியவில்லை. நான்கு மணி நேரம் காருக்குள். ஐந்து வயதுப் பையனுக்கு ஒன்றுக்கு வந்தால் குடை பிடித்துக்கொண்டு இறக்கிவிட வேண்டியிருந்தது. சுற்றிலும் இருட்டு, மூடுபனி, இடி. பையன் இப்போதும் "மலைக்குப் போகலாமா" என்றால் "மரம் விழுமா" என்று கேட்கிறான்.

சேலத்திலேயே தங்கி ஊரைப் பாருங்கள். அறைப் பணம் போனால் போகட்டும்.

கோரிமேட்டுவாசி | ஏப்ரல் 28, இரவு 10:05

கோழி அண்ணா, மரம் விழுந்தது உங்கள் தப்பு இல்லை. ஆனால் மே மாதத்தில் ஞாயிறு மாலை ஐந்தரைக்கு இறங்கியது உங்கள் தப்பு.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் தினமும் ஒரே நாடகம்தான். காலை ஆறுக்கு மலை கழுவித் துடைத்ததுபோல் தெரியும். பத்து மணிக்கு மேல் உச்சியில் பஞ்சுத் துண்டு ஒன்று ஒட்டும். ஒரு மணிக்கு மலைத்தலை காணாமல் போகும். மூன்றிலிருந்து ஆறுக்குள் கொட்டும். ராத்திரி எட்டுக்கு நட்சத்திரம். இதைத் தெரிந்துகொண்டு போகிறவனுக்கு மழை ஒன்றும் செய்யாது. தெரியாமல் பதினொரு மணிக்கு எழுந்து, குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவன்தான் நனைவான்.

வாத்தியார்68 | ஏப்ரல் 28, இரவு 10:48

முப்பது வருடம் புவியியல் நடத்தியவன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எச்சரிக்கையைச் சரியாகப் படிக்க வேண்டும். வானிலை ஆய்வு மையம் "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை. கொஞ்சநஞ்சம் இல்லை, பெரிய மழைதான். ஆனால் "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். மழைமானி உள்ள இடங்களில் கால் பங்குக்கு மேல் போகாது என்று அதற்குப் பொருள். எச்சரிக்கையோ மாவட்டம் முழுதுக்கும் ஒரே நிறம். மேட்டூரும் ஆத்தூரும் ஏற்காடும் அதற்கு ஒன்றுதான். மேட்டூரில் கொட்டி ஏற்காட்டில் வெயில் அடித்தாலும் எச்சரிக்கை பலித்ததாகவே கணக்கு.

இரண்டாவது, கோரிமேட்டுத் தம்பி சொன்ன நாடகத்துக்குக் காரணம். சேலம் தரை கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,515 மீட்டர். சமவெளியில் 39, 40 டிகிரியில் காய்ந்த காற்று சரிவு வழியாக மேலே ஏறுகிறது. மேகமாகும் வரை ஒரு கிலோமீட்டர் ஏறினால் பத்து டிகிரி அளவுக்குக் குளிரும். குளிர்ந்த காற்றில் ஈரம் மேகமாகத் திரளும். வெயில் தரையைச் சூடாக்கினால்தான் இதெல்லாம் நடக்கும், அதற்கு மதியம் வரை நேரம் பிடிக்கும். அதனால்தான் கோடை மழைக்கு நேரம் காலம் உண்டு.

ஆனால் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஏதாவது உருவாகியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது காலையிலேயே தூறத் தொடங்கும், இடி இருக்காது, நாள் முழுதும் பிசுபிசுக்கும்.

குரோம்பேட்டைக்காரரே, இன்னொன்று. உங்கள் பக்கத்து ஊர் பல்லாவரத்தில் 1863இல் ஒருவர் ஆதி மனிதனின் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட். நிலவியல் துறைக்காரர். இந்தியாவில் கற்கால ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அவர் பிற்காலத்தில் வீடு வைத்திருந்தது ஏற்காட்டில். 1912இல் காலமானார். அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து ஏற்காடு வந்து அவரைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் எல்லோரும்.

குரோம்பேட்டைக்காரன் | ஏப்ரல் 28, இரவு 11:15

ஐயா, பல்லாவரம் மலையைத் தினமும் ரயிலிலிருந்து பார்க்கிறேன், இது தெரியாது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்போ போகணும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். முடிவு எடுத்தாயிற்று போலிருக்கிறது.

நனைந்தகோழி | ஏப்ரல் 28, இரவு 11:20

கல்லைப் பார்க்க மழையில் மலையேறுவதா? சரி, உங்கள் இஷ்டம். நான் சொல்லவில்லை என்று வேண்டாம்.

காப்பிக்கொட்டை | ஏப்ரல் 29, காலை 6:30

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். "மழை கெடுத்துவிடும்" என்று எல்லோரும் எழுதுவதைப் படித்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. நாங்கள் பங்குனி முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். காப்பிச் செடிக்கு ஒரு நல்ல பூ மழை வேண்டும். மொட்டு காய்ந்தாற்போல் காத்திருக்கும். மழை விழுந்து எட்டு, பத்து நாளில் ஒரே இரவில் தோட்டம் முழுக்க வெள்ளை. வாசனை மல்லிகை மாதிரி. மூன்று நாள், நான்கு நாள், அவ்வளவுதான், பூ கருகிவிடும். அதன் பிறகு இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். இந்த வருடம் பூ மழை தள்ளிப்போய் இப்போதுதான் பெய்கிறது. உங்கள் அதிர்ஷ்டம் இருந்தால் மே 1 அன்று எங்காவது ஒரு சரிவில் பூத்திருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள், மூக்கு சொல்லும்.

இந்தக் காப்பி 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே வந்தது. அன்றிலிருந்து நாங்கள் மழைக்கு ஏங்குகிறோம், வருகிறவர்கள் மழையைத் திட்டுகிறார்கள்.

பெரியவருக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். கிளியூர் அருவியை இப்போதே மறந்துவிடுங்கள். இருநூறுக்கும் மேல் படி, மழையில் பாசி. அதோடு பலரும் நினைப்பது போல ஒரு மழை பெய்தால் அருவி கொட்டாது. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது. கோடையில் ஏரி இறங்கிக் கிடக்கும், இரண்டு நாள் மழைக்கு அது நிரம்பாது. சாலையோரம் செம்மண் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து "அருவியில் வெள்ளம்" என்று படம் போடுகிறவர்களை நம்பாதீர்கள்.

இரண்டாம்கியர் | ஏப்ரல் 29, காலை 7:55

வாடகைக் கார் ஓட்டுகிறேன், இந்த மலையில் 19 வருடம். விளம்பரம் இல்லை, எண் கேட்காதீர்கள்.

20 கொண்டை ஊசி வளைவு. எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில் இறங்க வேண்டும், என் பெயர் அதிலிருந்து வந்ததுதான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பத்தாவது வளைவுக்குள் கருகல் வாடை வரும். வாடை வந்தால் நிறுத்துங்கள், ஆற விடுங்கள். ஸ்கூட்டியில் வருகிற பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு. அதில் கியர் பிடித்து நிறுத்த வழியில்லை, பிரேக்கை மட்டும்தான் நம்ப வேண்டும், அதுவும் நனைந்த பிரேக்.

மூடுபனியில் ஹை பீம் போடாதீர்கள். வெள்ளைச் சுவர் மாதிரி வெளிச்சம் நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். லோ பீம் போதும். நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டு ஓட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். வளைவில் நீ எந்தப் பக்கம் திரும்பப் போகிறாய் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். சாயங்காலம் மேல் காட்டுமாடு சாலையில் நிற்கும். ஹாரன் அடித்து விரட்டாதீர்கள், அதுவாகப் போகும்.

மதியம் மூன்றுக்கு மேல் மலையில் இறங்குகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கோழி அண்ணன் சொல்வது நடக்கிற விஷயம்தான். மரம் விழும், மண்ணும் சரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையே நின்றது. அது மாதிரி ஆனால் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், வாதாட வேண்டாம். குப்பனூர் வழி இன்னொரு பாதை இருக்கிறது. ஆனால் இங்கே கொட்டினால் அங்கேயும் கொட்டும். மழையில் அது குறுக்கு வழி என்று நினைக்காதீர்கள்.

ஸ்டீல்சிட்டி_சிங்கம் | ஏப்ரல் 29, காலை 9:10

மே முதல் வாரம் ஏன் போகிறீர்கள்? கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் மே கடைசியில்தானே வரும்.

கோரிமேட்டுவாசி | ஏப்ரல் 29, காலை 9:22

அதற்காகத்தான் முதல் வாரம் நல்லது என்கிறேன். விழா நாட்களில் அண்ணா பூங்காவில் பூவை விட மனிதத் தலை அதிகம்.

தட்டுவடை | ஏப்ரல் 29, பகல் 1:30

எல்லோரும் மலையையே பேசுகிறீர்கள். ஊருக்குள் இருக்கும் சேலத்தை யாரும் மதிப்பதில்லை. மழை நாளுக்கு ஏற்ற ஊர் சேலம்தான், ஏனென்றால் இங்கே பார்க்க வேண்டியதில் பாதி கூரைக்குக் கீழே இருக்கிறது, மீதி தட்டில் இருக்கிறது.

ஞாயிறு காலை சீக்கிரம் மலையிறங்கிவிடுங்கள். சுகவனேஸ்வரர் கோயிலுக்கு நேராகப் போங்கள். சுக முனிவர் கிளி முகத்தோடு வழிபட்ட இடம் என்று ஐதீகம். மண்டபத்தில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்து வர மனசு வராது. பெரியவரையும் உட்கார வைக்கலாம். ஆனால் மதியம் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி நாலு மணிக்குத்தான். கோட்டை மாரியம்மனும் அழகிரிநாதரும் கூப்பிடு தூரம்.

அப்புறம் சாப்பாடு. தட்டுவடை செட் என்றால் இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. ஒரே வாயில் போட வேண்டும், கடித்துத் தின்றால் சட்டையில் பீட்ரூட். அதையே நொறுக்கிக் கலந்து கொடுத்தால் நொறுக்கல். மழை நாளில் ஒரு எச்சரிக்கை: டப்பாவைத் திறந்து போட்டிருக்கிற வண்டியில் வாங்காதீர்கள், தட்டுவடை நமத்துப்போயிருக்கும். மூடி போட்டு, ஒவ்வொரு முறையும் திறந்து எடுக்கிற கடையாகப் பாருங்கள். மொறுமொறுப்பு இல்லாத தட்டுவடை செட் வெறும் பச்சைக் காய்கறி.

ஸ்டீல்சிட்டி_சிங்கம் | ஏப்ரல் 29, பகல் 1:41

தக்காளி செட்டை விட்டுவிட்டாயே!

தட்டுவடை | ஏப்ரல் 29, பகல் 1:43

அது ஒரு செட்டா? தனி இழை தொடங்கு, வந்து பேசுகிறேன்.

செவ்வாய்பேட்டை_மருமகள் | ஏப்ரல் 29, மாலை 4:20

வெள்ளி வேலை செய்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு 22 வருடம் ஆகிறது. குழந்தைக்குக் கொலுசு வாங்குவதென்றால் செவ்வாய்பேட்டைக்கு வாருங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை பூட்டு. திறந்திருக்கிற கடையில் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கூலி தனியாக எவ்வளவு என்று கேளுங்கள், திருகாணியை நீங்களே ஒருமுறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். சலங்கை அதிகம் இருந்தால் குழந்தைக்குப் பிடிக்கும், மூன்றாம் நாள் உங்களுக்குத் தலை வலிக்கும்.

மாம்பழம் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. சேலத்துக் குண்டு கிடைத்தால் வாங்குங்கள். மல்கோவா, இமாம்பசந்த் நல்லதாகக் கிடைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மழை இப்படியே பெய்தால் பின்னால் வருகிற பழத்தில் புழு வைக்கும் என்று என் மாமியார் இப்போதே புலம்புகிறார். ஊருக்கு எடுத்துப் போவதானால் கனிந்ததை வாங்காதீர்கள், நிறம் மாறத் தொடங்கியதை வாங்கி வைக்கோலில் சுற்றிக் கேளுங்கள்.

மழை வலுத்தால் கிச்சிப்பாளையம், நாராயண நகர் பக்கம் வண்டியை விடாதீர்கள். தண்ணீர் ஏறும். சேர்வராயன் மலையில் பெய்கிற மழைதான் திருமணிமுத்தாறு வழியாக ஊருக்குள் வருகிறது. இங்கே தூறல்கூட இல்லாமல் ஆற்றில் தண்ணீர் ஓடினால் மேலே கொட்டுகிறது என்று தெரிந்துகொள்வோம்.

ரயில்பெட்டி | ஏப்ரல் 29, மாலை 5:02

வெள்ளி மதியம் மழை வந்தால் சேலம் அரசு அருங்காட்சியகம் போகலாமே? கூரை இருக்கிறது, கூட்டம் இல்லை.

வாத்தியார்68 | ஏப்ரல் 29, மாலை 5:30

வெள்ளி விடுமுறை ஐயா. போதாததற்கு மே தினம். பூட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

நனைந்தகோழி | ஏப்ரல் 29, இரவு 8:15

மேட்டூர் போகலாமே? சேலத்திலிருந்து சமதரைச் சாலை, வளைவு கிடையாது, மரம் விழுந்தாலும் சுற்றிப் போகலாம். 1934இல் கட்டி முடித்த அணை, 120 அடி. பூங்கா, முனியப்பன் கோயில், மீன் வறுவல். எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் அதுதான்.

கோரிமேட்டுவாசி | ஏப்ரல் 29, இரவு 8:31

நல்ல யோசனைதான். ஆனால் "மழை பெய்கிறதே, அணை நிரம்பி வழியும்" என்று நினைத்துப் போகாதீர்கள். மேட்டூருக்குத் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்தால்தான். இங்கே கொட்டுகிற மழைக்கு அணை ஏறெடுத்தும் பார்க்காது.

குரோம்பேட்டைக்காரன் | ஏப்ரல் 30, பகல் 12:10

எல்லோருக்கும் நன்றி. இன்று இரவு கிளம்புகிறோம். வெள்ளி காலை விடிந்ததும் நேராக மலை, மதியத்துக்கு முன் வெளியே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு அறை. சனி, டிரினிட்டி தேவாலயமும் தாவரவியல் தோட்டமும். ஞாயிறு காலை எட்டுக்கு இறக்கம். குடை நான்கு, மாற்றுத் துணி, அப்பாவுக்கு ரப்பர் பூண் போட்ட கைத்தடி. வேறு ஏதாவது?

காப்பிக்கொட்டை | ஏப்ரல் 30, பகல் 12:45

மெழுகுவத்தி. இடி இடித்தால் கரண்ட் போகும். குழந்தைக்கு ஸ்வெட்டர். கீழே 40 டிகிரி என்று யாரும் எடுத்து வருவதில்லை, இங்கே வந்து 300 ரூபாய்க்கு மோசமானதாக வாங்குகிறார்கள். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட்டில் நிற்கும்போது இடி கேட்டால் உடனே வண்டிக்குள் போய்விடுங்கள், சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் அது பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். போனில் தாமினி செயலி போட்டுக்கொண்டால் மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும்.

இரண்டாம்கியர் | ஏப்ரல் 30, பகல் 1:05

குழந்தைக்கு எலுமிச்சம்பழம். வளைவில் வாந்தி வரும். மழையால் இல்லை, எல்லா நாளும் வரும்.

குரோம்பேட்டைக்காரன் | மே 4, இரவு 9:50

வந்து சேர்ந்தோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் சொன்னவற்றில் பாதி அப்படியே நடந்தது, பாதி நடக்கவில்லை.

வெள்ளி அதிகாலை ஸ்டேஷனில் இறங்கி, காப்பி குடித்து, வெளிச்சம் வந்த பிறகு கார் ஏறினோம். ஏழரைக்கு லேடீஸ் சீட். எங்களைத் தவிர நான்கு பேர். கீழே சேலம் முழுசாகத் தெரிந்தது. மகள் "நம்ம ஸ்டேஷன் எங்கே" என்று தேடிக்கொண்டே இருந்தாள். பகோடா பாயின்ட்டில் கல் அடுக்கு கோபுரங்களைப் பார்த்தோம், பத்தரைக்கு சேர்வராயன் கோயில். மலை உச்சி இப்படித் தட்டையாக மைதானம் மாதிரி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், அப்பாவால் முடியவில்லை. வெளியே நின்றே கும்பிட்டார். அங்கே இருந்த மலைவாழ் பெரியவர் ஒருவர், இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று சொன்னார். அப்பா அதை நம்பிவிட்டார், அல்லது நம்பியது போல் கேட்டார்.

மூன்று மணி மழை இரண்டு இருபதுக்கே வந்துவிட்டது. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி கையில் இருந்தது. முதலில் கல் மாதிரி ஏதோ தகரத்தில் விழுந்தது, பார்த்தால் ஆலங்கட்டி. மகள் வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறாள். பஜ்ஜித் தட்டைக் கவிழ்த்துவிட்டு அதில் ஐஸ் பொறுக்கினாள். கடைக்காரர் திட்டவில்லை, இன்னொரு தட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரம் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் இருபது பேர் நின்றோம். ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவு சத்தம்.

அறையில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருக்கிறது என்று முன்பதிவில் போட்டிருந்தார்கள், இருந்ததும் உண்மை. வரவேற்பறைக்கு மட்டும். காப்பிக்கொட்டை அண்ணனின் மெழுகுவத்தி காப்பாற்றியது.

சனிக்கிழமைதான் கணக்கு தப்பியது. விடியற்காலையிலேயே தூறல். வாத்தியார் ஐயா சொன்ன பிசுபிசு மழை, இடி இல்லை, காற்று இல்லை. பத்து மணி வரை காத்திருந்தோம், நிற்கவில்லை. மனைவிக்கு எரிச்சல், எனக்குக் குற்ற உணர்ச்சி. அப்பாதான் "கோடரிக்காரரைப் பார்க்கணும்னு சொன்னியே" என்று குடையை எடுத்தார். தேவாலயக் கதவு பூட்டியிருந்தது. யாரையும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மனம் இல்லை. வாசலில் குடைக்கு அடியில் நின்றுகொண்டு, பல்லாவரத்தில் கிடைத்த கல்லைப் பற்றி அப்பா பேத்திக்குக் கதை சொன்னார். பாதி கதை அவர் சொந்தக் கற்பனை. ஃபூட் என்றால் கால் என்று நினைத்துக்கொண்டு, "கோடரி காலில் விழுந்துச்சா தாத்தா?" என்று கேட்டாள்.

தோட்டத்தில் ஆர்க்கிட் வீட்டுக்குள் போனோம். ஆர்க்கிட் எல்லாம் அந்த ஈரத்தில் நன்றாக இருந்தன, ஆனால் மகளைப் பிடித்து நிறுத்தியது பூச்சி தின்னும் குடுவைச் செடி. முக்கால் மணி நேரம். ஈ ஒன்று உள்ளே விழும்வரை நகரமாட்டேன் என்றாள். மழையில் ஈ எங்கே வரும்?

காப்பிப் பூ பார்க்கவில்லை. ஓர் இடத்தில் வாசனை மட்டும் வந்தது, டிரைவர் வண்டியை நிறுத்தினார், மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் வானம் நீலம், மேகமெல்லாம் நமக்குக் கீழே. சேலம் இருந்த இடத்தில் வெள்ளைப் பால். எட்டுக்கு இறங்கினோம், டிரைவர் இரண்டாவது கியரை விட்டு எடுக்கவே இல்லை. நான் இங்கே படித்ததைச் சொன்னேன், சிரித்தார். எலுமிச்சம்பழம் பலிக்கவில்லை, பதினான்காவது வளைவில் வாந்தி. மகள் இல்லை, நான்.

சுகவனேஸ்வரரைப் பதினொன்றரைக்குள் பார்த்துவிட்டோம். கொலுசுக் கடை பூட்டு. மாம்பழம் ஐந்து கிலோ, வைக்கோலோடு. தட்டுவடை செட் ஆறு தட்டு, அதில் மூன்று அப்பா. மாலை ஐந்துக்குக் கொட்டியது, ஆனால் அப்போது ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். ரயில் நள்ளிரவுக்கு மேல்தான், ஓய்வறையில் கிடந்தோம். அது ஒன்றுதான் உண்மையிலேயே அலுப்பு. பகலில் புறப்படும் ரயிலாகப் போட்டிருக்கலாம்.

நனைந்தகோழி | மே 4, இரவு 10:04

மரம் விழவில்லையா?

குரோம்பேட்டைக்காரன் | மே 4, இரவு 10:06

ஏழாவது வளைவில் ஒன்று விழுந்து, வெட்டி ஓரமாகத் தள்ளியிருந்தது. சனி இரவு விழுந்ததாம். உங்களை நினைத்துக்கொண்டேன்.

தட்டுவடை | மே 4, இரவு 10:11

ஆறு தட்டு. பெரியவருக்கு என் வணக்கம். நமத்துப்போயிருந்ததா?

குரோம்பேட்டைக்காரன் | மே 4, இரவு 10:15

மூடி போட்ட டப்பா. திறந்து எடுப்பதை அப்பா நின்று கவனித்தார்.

வாத்தியார்68 | மே 5, காலை 6:10

தேவாலயம் ஞாயிறு காலை ஆராதனைக்குத் திறந்திருக்கும், நீங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில். முன்பே சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

குரோம்பேட்டைக்காரன் | மே 5, காலை 7:40

பரவாயில்லை ஐயா, மறுபடி வர ஒரு காரணம். அப்பா கமலா ஆரஞ்சு எப்போது வரும் என்று கேட்கச் சொன்னார்.

காப்பிக்கொட்டை | மே 5, காலை 7:58

நவம்பரிலிருந்து ஜனவரி வரை.

நனைந்தகோழி | மே 5, காலை 8:02

அது வடகிழக்குப் பருவமழைக் காலம்.

காப்பிக்கொட்டை | மே 5, காலை 8:05

ஜனவரியில் வரச் சொல்லுங்கள். மழை இருக்காது. பனிதான்.